வக்கீலுக்குப் படித்த நம்மவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என் மகள் மெட்ரிக் முடித்ததும் எல்.எல்.பி. படிக்கப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லை. டாக்டர் ஆனால் நாலு உயிரைக் காப்பாற்றலாம், வக்கீல் ஆனால் பொய் சொல்லிக் காசு பண்ணலாம், அவ்வளவுதான் என்கிறார். சட்டம் படித்த நம்மவர்கள் ஜனங்களுக்கு உபயோகமாக ஏதாவது செய்திருக்கிறார்களா? ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளை பெயரைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது."

தங்கச்சி, நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது வக்கீலாக இல்லை, கிளார்க்காக. டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் (இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட்) ஒரு அட்டர்னி (வக்கீல்) ஆபீஸில், இங்கிலீஷ் சரியாக வராத ஆயாக்கள் (பாட்டிமார்) தமிழில் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அப்புறம்தான் டர்பன்-வெஸ்ட்வில் யூனிவர்சிட்டியில் படித்து, ஆர்ட்டிகிள்ஸ் (வக்கீல் ஆபீஸில் தொழில் பயிற்சி) முடித்து, நானும் அட்டர்னி ஆனேன். அதனால் பெரிய பதவிகளின் பட்டியலைவிட, மேஜைக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்றுதான் எனக்குப் பார்க்கத் தோன்றும். பதிலும் அப்படித்தான் போகும்.

நவி பிள்ளையிலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1894-லிருந்து வருகிறேன்.

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிய காந்தி 1893-ல் டர்பனில் இறங்கியது ஒரு வியாபாரியின் வழக்குக்காக. மறு வருடம் நேட்டாலிலேயே (டர்பன் இருக்கும் பிரதேசம்) தொழில் செய்ய மனுப் போட்டபோது வக்கீல் சங்கம் எதிர்த்தது. கோர்ட் அனுமதித்தது, ஆனால் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னது. தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்கூட ஆகாத நிலையில் ஒரு தமிழர் அவர் ஆபீஸுக்கு வந்தார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, கிழிந்த துணியோடு, தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றார். அடித்தவர் டர்பனில் பெயர் பெற்ற ஒரு வெள்ளைக்கார முதலாளி.

காந்திக்கு அப்போது தமிழ் வராது. பாலசுந்தரம் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னது அவருடைய தமிழ் கிளார்க். அந்த கிளார்க் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு, காரணம் உங்களுக்கே புரியும்.

காந்தி செய்ததில் வீரவசனம் எதுவும் இல்லை. முதலில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். (உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், டாக்டரும் வக்கீலும் சேர்ந்து செய்த வேலை இது.) அதைக் கையில் வைத்துக்கொண்டு நேராக மாஜிஸ்ட்ரேட்டிடம் போனார். முதலாளியை ஜெயிலில் தள்ளுவது அவர் நோக்கமில்லை. ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டுப் போனாலே அன்றைய சட்டப்படி அது கிரிமினல் குற்றம். வெறும் சிவில் தகராறு இல்லை. ஆகவே அந்த ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றிக் கொடுக்க வைப்பது ஒன்றுதான் பாலசுந்தரத்துக்கு வழி. ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாவலர் அதிகாரியிடம் போய், நல்ல முதலாளி ஒருவரைத் தானே தேடிப் பிடித்து, மாற்றி வாங்கிக் கொடுத்தார். விஷயம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் கூலிகள் வந்திறங்கிய 1860 நவம்பர் 16-க்குப் பிறகு, சட்டம் தெரிந்த ஒருவர் தங்களுக்காகவும் ஒரு ஃபைலைத் திறப்பார் என்று நம்மவர்களில் பலருக்கு முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான்.

கவனியுங்கள், அதில் எந்தச் சட்டமும் மாறவில்லை. ஒரே ஒரு மனிதனின் ஒரே ஒரு காகிதம் மாறியது. இந்த ஊரில் சட்டம் படித்தவர்கள் செய்த சேவையில் பெரும்பகுதி அப்படிப்பட்ட காகித வேலைதான்.

அப்புறம் நம் பிள்ளைகளே படித்து வக்கீலாக ரொம்ப நாள் ஆனது. நேட்டால் யூனிவர்சிட்டி கறுப்பர்களையும் இந்தியர்களையும் ஹோவர்ட் காலேஜ் வளாகத்துக்குள் சேர்த்துக்கொள்ளாமல் தனிப் பிரிவு வைத்திருந்தது. பாடம் நடந்தது சாஸ்திரி காலேஜ் வகுப்பறைகளில். பகலில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்த அதே பெஞ்சில், அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, வேலைக்குப் போய் வந்தவர்கள் உட்கார்ந்து படித்தார்கள். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இங்கே இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்தபோது காசு திரட்டிக் கட்ட வைத்த பள்ளிக்கூடம் அது. 1961-ல் வெள்ளையரின் நிறவெறி அரசாங்கம் இந்தியர்களுக்கென்று தனிக் காலேஜ் திறந்தது, அதுவும் டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில். மாணவர்கள் படகு ஏறி வகுப்புக்குப் போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் அது வெஸ்ட்வில் மலைக்கு மாறியது. 2004-ல் நேட்டால் யூனிவர்சிட்டியோடு இணைந்தது. உங்கள் மகள் க்வாசூலு-நேட்டால் யூனிவர்சிட்டிக்கு வந்தால் அவள் படிக்கப் போவது, அன்று நம்மவர்களை உள்ளே விடாத அதே ஹோவர்ட் காலேஜ் கட்டிடத்தில்.

இப்போது நவி பிள்ளை. நவநீதம் பிள்ளை பிறந்தது 1941-ல், டர்பன் கிளேர்வுட்டில். அப்பா பஸ் டிரைவர். ஆறு வயதில், அப்பாவின் சம்பளப் பணத்தைத் திருடியவனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்லியிருக்கிறார். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது, பணம் மட்டும் வீடு திரும்பவில்லை. இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். யூனிவர்சிட்டிக்குப் போக வீட்டில் வசதியில்லை. கிளேர்வுட் ஜனங்கள் கையிலிருந்ததைப் போட்டு அனுப்பினார்கள். 1963-ல் பி.ஏ., 1965-ல் எல்.எல்.பி. முடித்தார். படித்த பிறகு எந்த வக்கீல் கம்பெனியும் வேலை தரவில்லை. வெள்ளை ஊழியர்கள் உங்களிடம் உத்தரவு வாங்க மாட்டார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். 1967-ல் தானே போர்டு மாட்டினார். நேட்டாலில் சொந்தமாக வக்கீல் ஆபீஸ் திறந்த, வெள்ளையர் அல்லாத முதல் பெண் அவர்தான்.

உலகம் அவரை அறிந்தது அதற்கு ரொம்பப் பிறகு. எனக்கு முக்கியமாகப் படுவது 1970-களின் தொடக்கத்தில் அவர் செய்த வேலை. வக்கீலான கணவர் கைதானபோது, போலீஸ் அவரைச் சித்திரவதை செய்து விசாரிக்கக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கினார். 1973-ல் ராபன் தீவுச் சிறையிலிருந்த அரசியல் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமையை வென்று கொடுத்தார். கேட்க ரொம்பச் சின்ன விஷயம் போல இருக்கும். கைதி வக்கீலைப் பார்ப்பதா, அதில் என்ன? ஆனால் யாரும் பார்க்க முடியாத இடத்தில் யாருக்கும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு வக்கீல் ஃபைலோடு வந்து போனால், வார்டன் கை ஓங்குவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பான்.

இங்கே ஒரு கிளைக்கதை, தமிழர்களுக்கு ரசிக்கும். அதே காலத்தில் தீவிலிருந்த டர்பன்காரர் சன்னி வெங்கடரத்னம். அவரிடம் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் முழுவதும் அடங்கிய ஒரு கனத்த புத்தகம் இருந்தது. வார்டர்கள் பிடுங்காமல் இருக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளின் சாமி படங்களை அட்டையில் ஒட்டி, இது எங்கள் வேதம் என்று சொல்லிவிட்டார். அந்தப் புத்தகம் கை மாறிக் கை மாறி, முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தங்களுக்குப் பிடித்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் மண்டேலாவும் ஒருவர். நம் சாமிகள் ஷேக்ஸ்பியருக்குக் காவல் நின்ற கதை!

நவி பிள்ளை ஹார்வர்டில் மேல்படிப்பு முடித்தார். 1995-ல் நேட்டாலில் தற்காலிக நீதிபதியாக நியமனம். அதற்கு முன் 28 வருடம் வக்கீலாக இருந்தும் ஒரு நீதிபதியின் அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. வெள்ளையர் அல்லாத வக்கீல்களுக்கு அங்கே இடமில்லை. அவர் முதன்முதலில் நுழைந்த நீதிபதி அறை அவருடைய சொந்த அறை. அதே வருடம் ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, டான்சானியாவின் அருஷாவுக்குப் போனார்.

அங்கே நடந்த அக்காயேசு வழக்கைத்தான் உங்கள் மகள் முதலில் படிக்க வேண்டும். தாபா என்ற ஊரின் மேயர் அக்காயேசு. அவர்மேல் முதலில் போட்ட குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற பேச்சே இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகையில், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததையும் சொன்னாள். அந்த அமர்விலிருந்த மூன்று நீதிபதிகளில் நவி பிள்ளை ஒருவர்தான் பெண். சாட்சியை அப்படியே நகரவிடாமல், மேலே கேள்வி கேட்டார். பிறகு குற்றப்பத்திரிகையே திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ல் வந்த தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைதான் என்று சொன்னது. உலகத்தில் எந்தச் சர்வதேச நீதிமன்றமும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. இத்தனையும் எப்படி வந்தது? ஒருவர் சொன்னதை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டார், அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-லிருந்து அந்த நீதிமன்றத்தின் தலைவர். 2003 முதல் ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் நீதிபதி. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். 2013-ல் இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் பார்த்தபோது, தமிழச்சி என்பதால்தான் இப்படிப் பேசுகிறார் என்று அங்கே மந்திரிகள் உட்படப் பலர் தூற்றினார்கள். கொழும்பிலேயே பத்திரிகையாளர்களைக் கூட்டி, நான் தென்னாப்பிரிக்கக்காரி, அதில் எனக்குப் பெருமை என்று பதில் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் ஒருவரோடு நிறுத்தினால் அநியாயம். ஃபிலிஸ் நாயுடு என்று ஒருவர், 1928-ல் எஸ்ட்கோர்ட்டில் பிறந்தவர். டீச்சர். 1966-ல் அரசாங்கம் அவர்மேல் பத்து வருடத் தடை விதித்தது. கூட்டத்துக்குப் போகக் கூடாது, அவர் சொன்னதை யாரும் அச்சில் போடக் கூடாது. கணவர் எம்.டி. நாயுடுவும் வக்கீல்தான், ராபன் தீவில் சிறை இருந்தவர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தடையிலேயே சட்டம் படித்து, 1973-ல் ஃபிலிஸ் அட்டர்னி ஆனார். அரசியல் கைதிகளின் வழக்குகளும், சிறையிலிருந்து திரும்பியவர்களின் குடும்பப் பாடுகளும் அவர் ஆபீஸுக்கு வந்தன. 1977-ல் பக்கத்து நாடான லெசோத்தோவுக்குத் தப்பிப் போனார். 1979-ல் அங்கே மசேருவில் பார்சல் குண்டு வெடித்துக் காயம் பட்டார். அப்புறம் ஜிம்பாப்வே. 2013-ல் காலமானார். எந்தக் கோர்ட்டிலும் நீதிபதியாக உட்கார்ந்ததில்லை. ஆனால் கிரே ஸ்ட்ரீட் பழைய ஆட்களிடம் வக்கீல் என்ற வார்த்தையைச் சொன்னால், பாதிப் பேர் அவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.

டாக்டர் தொழிலில் இல்லாத ஓர் ஆபத்து அன்று வக்கீல் தொழிலில் இருந்தது. டர்பன் பக்கத்து உம்லாசியில் 1981-ல் அட்டர்னி கிரிஃபித்ஸ் ம்க்செங்கேயைக் குத்திக் கொன்றார்கள். அவர் நடத்திய ஆபீஸைத் தொடர்ந்து நடத்திய மனைவி விக்டோரியாவை 1985-ல் கொன்றார்கள். நம்மவர் இல்லையே என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து டர்பனில் அந்த வேலை செய்தவர்களுக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது.

1984 செப்டம்பரில் டர்பன் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் ஆறு பேர் புகுந்து உட்கார்ந்துகொண்டது ஞாபகம் இருக்கிறதா? எம்.ஜே. நாயுடு, ஜார்ஜ் சிவபெர்சாத், ஆர்ச்சி குமேடே, பால் டேவிட், பில்லி நாயர், மேவா ராம்கோபின். முதல் நாலு பேரும் வக்கீல்கள். விசாரணையில்லாமல் பிடித்து வைக்கும் உத்தரவை உலகம் பார்க்க வேண்டும் என்று போனார்கள். சிலர் டிசம்பர் வரை உள்ளேயே இருந்தார்கள். பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ராஜத்துரோக வழக்கு. அவர்களுக்காக வாதாடிய இஸ்மாயில் முகமது, அரசுத் தரப்பின் 'நிபுணர்' சாட்சியைக் குறுக்கு விசாரணையில் கிழித்துப் போட்டார். 1985 டிசம்பரில் பெரும்பாலோர்மேல் இருந்த குற்றச்சாட்டுகளை அரசு வாபஸ் வாங்கியது. அதே இஸ்மாயில் முகமது பின்னால் தலைமை நீதிபதி ஆனார்.

சரி, இப்போதிருப்பவர்கள்? நரேந்திரன் ஜோடி கொள்ளப்பன் டர்பன்-வெஸ்ட்வில்லிலும் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் யூனிவர்சிட்டியிலும் படித்தவர். மனித உரிமை வக்கீல் அமைப்பில் வருடக்கணக்காக வேலை செய்து, மனித உரிமை ஆணையத்தின் தலைவராகி, 2022-லிருந்து அரசியல் சாசன நீதிமன்றத்தில் நீதிபதியாக இருக்கிறார். இத்தனை பதவியில் எனக்குப் பிடித்த கதை வேறு. ப்ரிட்டோரியாவில் ஒரு முடிதிருத்துபவர் அவருக்கு முடி வெட்ட மறுத்தார், நிறத்துக்காக. மனித உரிமை ஆணையத்துக்காரர் சண்டை போடாமல், பாகுபாடு வழக்குகளைக் கேட்கும் சமத்துவ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். அந்தக் கோர்ட் எதற்கு இருக்கிறது என்று நிறைய ஜனங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் நீதிபதி தயா பிள்ளை 2020 பிப்ரவரியில், முன்னாள் ஜனாதிபதி ஜூமாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்த மருத்துவச் சீட்டை ஏற்காமல் பிடிவாரண்ட் போட்டார், அதை மே மாதம் வரை நிறுத்தியும் வைத்தார். டாக்டர் சீட்டா வக்கீலா என்று உங்கள் வீட்டில் பேச்சு வந்தால் இதையும் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு வழக்கு. ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது.

ஜெயித்தது மூக்குத்தி வழக்கு. டர்பனில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்த பிள்ளைக் குடும்பத்துப் பெண், 2004-ல் விடுமுறை முடிந்து மூக்குத்தியோடு வந்தாள். நகை கூடாது என்பது பள்ளி விதி. அம்மா விடவில்லை. பெண் வயதுக்கு வந்தால் மூக்குத்தி குத்துவது எங்கள் வீட்டு வழக்கம், எங்கள் பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து வருவது என்றார். (இந்த அம்மாவின் பெயரும் நவநீதம் பிள்ளைதான். இவர் வேறு, நீதிபதி வேறு, நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.) சமத்துவ நீதிமன்றத்தில் தோற்றார், உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். பள்ளித் தரப்பு மேலே அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில் அம்மாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மூக்குத்தி மதக் கட்டாயமா, வெறும் பழக்கமா என்பது அங்கே பெரிய கேள்வி. கட்டாயமாக இல்லாவிட்டாலும், அவள் மனமுவந்து பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது தீர்ப்பு. பள்ளி தன் விதியைத் திருத்த வேண்டும் என்றும் சொன்னது. பெண் அதற்குள் பள்ளியையே முடித்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

பிரதானத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லங்கா. இளவயதில் டர்பனில் சட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அப்புறம் நீதித்துறையில் பியூன், கோர்ட் மொழிபெயர்ப்பாளர். யூனிசா யூனிவர்சிட்டியில் தபால் வழியாகச் சட்டம் படித்து மேலே வந்தவர். ஜூலு பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு தமிழ் அம்மாவின் மூக்குத்தியை இத்தனை பக்கம் யோசித்து எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காந்தியின் தமிழ் கிளார்க் ஞாபகம் வரும்.

தோற்றது சுப்ரமணி வழக்கு. தியாகராஜ் சுப்ரமணி, 41 வயது, வேலையில்லை, சர்க்கரை, இதய நோய், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. தனியாரில் டயாலிசிஸ் செய்து கையிலிருந்த காசும் தீர்ந்தது. டர்பன் அடிங்டன் அரசு மருத்துவமனையில் இருந்ததே சில இயந்திரங்கள், மாற்றுச் சிறுநீரகம் பெறத் தகுதியுள்ளவர்களுக்குத்தான் முதலிடம் என்றார்கள். உயிர் வாழும் உரிமை, அவசரச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்ற உரிமை என்று வழக்குப் போட்டார். 1997 நவம்பர் 27-ல் அரசியல் சாசன நீதிமன்றம் மறுத்தது. சில நாளில் அவர் இறந்தார். அன்று அந்தத் தீர்ப்பைப் படித்து நான் கோபப்பட்டேன். இப்போதும் முழுக்க ஆறவில்லை. ஆனால் பணம் இல்லை என்று அரசு சொன்னால் கோர்ட் எதுவரை கேள்வி கேட்கலாம் என்ற வாதம் தொடங்கியது அங்கேதான். 2000-ல் வீட்டுரிமை பற்றிய க்ரூட்பூம் வழக்கிலும், 2002-ல் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு நெவிரப்பின் மருந்து கொடுக்கச் சொன்ன வழக்கிலும் ஜனங்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரியில் முதல் வருடமே இவர் பெயர் வரும். உங்கள் மகள் அந்தப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பார்க்கும்போது நம்ம சுப்ரமணிதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இதெல்லாம் மலை உச்சி. தரையில் என்ன நடக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் என்று ஒன்று இருக்கிறது, 20,000 ராண்ட் வரை உள்ள தகராறுக்கு. அங்கே யாரும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. தீர்ப்புச் சொல்லும் கமிஷனர் ஒரு வக்கீல், அவருக்குச் சம்பளம் கிடையாது. நானும் உட்கார்ந்திருக்கிறேன். சாயந்தரம், பகல் வேலை முடிந்து, டையைத் தளர்த்திக்கொண்டு போய் உட்காருவது. ஒரு தடவை ஓர் அக்கா வந்தார். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போடுவதாக 6,500 ராண்ட் வாங்கிய வெல்டர் திரும்பி வரவேயில்லை. அவர் கையில் ரசீது இல்லை, போனில் வாட்ஸ்அப் குரல் செய்திகள் மட்டும். "நாளைக்கு வர்றேன் ஆன்ட்டி, நாளன்னைக்கு நிச்சயம் ஆன்ட்டி" என்று பதினேழு தடவை. கோர்ட்டில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அந்த வெல்டரும் சிரித்துவிட்டான். அவன் தன் பழைய நோட்டைக் காட்டினான், கம்பி வாங்கிய கணக்கு அதில் நிஜமாகவே இருந்தது. மாதத் தவணையில் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டான். அக்கா போகும்போது, "தம்பி, உங்களுக்கு எவ்வளவு தரணும்?" என்று பர்ஸைத் திறந்தார். ஒன்றுமில்லை அக்கா என்று சொன்னால் நம்பவேயில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ரோடு விபத்து நிதி வழக்கில் அடிபட்டவனுக்குப் போக வேண்டியதில் பெரும்பங்கைத் தின்றவர்கள் உண்டு. கட்சிக்காரர் பணத்தைக் கையாடியவர்களும் உண்டு. அதை ஈடுகட்டவே ஒரு நிதி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளில் நிறையப் பேர் ஜோஹன்னஸ்பர்க் சாண்டனில் கம்பெனிச் சட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அது தப்பு என்று நான் சொல்லவில்லை, வீட்டில் கடன் இருந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் டர்பன் ஃபீனிக்ஸில் வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படும் ஆளுக்கு அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன், கிளார்க் காலத்தது. சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஆயா வந்தார். தங்கச்சி மகன் கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவன் கட்டவில்லை, இப்போது ஆயா வீட்டுக்கு சம்மன். அவர் தமிழில் நீளமாகச் சொன்னார். நான் இங்கிலீஷில் 'ஆம், கையெழுத்துப் போட்டேன்' என்று சுருக்கி எழுதினேன். சீனியர் அதைப் படித்துவிட்டு என்னையும் ஆயாவையும் உள்ளே கூப்பிட்டார். "அவங்க சொன்னதை அப்படியே சொல்லு, ஒரு வார்த்தை விடாமல்." ஆயா மறுபடி சொன்னார்: "சாட்சிக் கையெழுத்துன்னு சொன்னாங்கப்பா, அதான் வெச்சேன்." காகிதத்தில் இருந்தது ஜாமீன், அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பது. சாட்சிக்கும் ஜாமீனுக்கும் நடுவில் ஒரு வீடு இருந்தது, அதை நான் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். சீனியர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பைச் சமரசத்துக்கு வரவழைத்தார். வீடு தப்பியது. என்னைத் திட்டவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஆயாக்கள் பேசுவதை முழுக்கத் தமிழிலேயே எழுதிவைத்து, அப்புறம்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே உங்கள் மகளுக்கு என் முதல் யோசனை மார்க் பற்றியது இல்லை, மொழி பற்றியது. இங்கே வந்தால் ஜூலு ஒரு பாடமாக எப்படியும் படிக்க வைப்பார்கள். அதைத் தேர்வுக்கு மட்டும் என்று விடாமல் பேசிப் பழகட்டும். இன்று நம் ஆபீஸ்களின் வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பேசுவது அதுதான். தமிழையும் விட வேண்டாம். நம் அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவிலேயே, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் எழுதியிருக்கிறது. எல்.எல்.பி. நாலு வருடம். அப்புறம் அட்டர்னி ஆக வேண்டுமானால் இரண்டு வருடம் வரை பயிற்சி, போர்டு தேர்வுகள். பயிற்சிக்கு இடம் கிடைப்பதுதான் இப்போது பெரிய பாடு, சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. லீகல் எய்டு அலுவலகங்களுக்கும் யூனிவர்சிட்டி இலவசச் சட்ட மையங்களுக்கும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். அங்கேதான் முதல் மாதத்திலேயே நிஜ மனிதர்கள் எதிரே உட்காருவார்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்தப் பள்ளி விடுமுறையில் அவளையும் அவள் அப்பாவையும் ஏதாவது ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் பெஞ்சில் ஒரு காலை முழுக்க உட்கார வையுங்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வக்கீலைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஏசி அதிகம்.